கொன்றவர் யார்? சாந்தோம் கல்லறையும் மறைசாட்சி வணக்கமும்

கிறித்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில், நம்பிக்கையைக் கைவிட மறுத்துக் கொல்லப்பட்டோரை மறைசாட்சிகள் என்று போற்றி, அவர்கள் புதைக்கப்பட்ட இடத்திலேயே ஆண்டுதோறும் நினைவு கொண்டாடும் வழக்கம், தலைமையின் ஆணைக்குக் காத்திராமல் அந்தந்த ஊர் மக்களிடையே தோன்றியது. சென்னையில் அவ்வழக்கம் இயேசுவின் சீடரான தோமையாரைச் சுற்றி மயிலாப்பூர்ச் சாந்தோம் பேராலயக் கல்லறை, சின்னமலைக் குகை, பரங்கிமலை என மூன்று இடங்களில் நிலைபெற்றிருக்கிறது. கி.பி. 52-இல் இந்தியா வந்த அவர் 72-இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்து மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு.

இம்மரபில் ஆராயத்தக்கது, கொன்றவர் யார் என்ற கேள்விக்குக் காலந்தோறும் மாறிவந்த விடையே. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘தோமையார் பணிகள்’ என்னும் சிரியமொழி நூலில், மயிலாப்பூரின் பெயரே வராத ஒரு நாட்டில், மன்னன் மஸ்தாயின் ஆணைப்படி படைவீரர்கள் அவரைக் கொல்கின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ தரும் செய்தியிலோ, மயிலுக்குக் குறிவைத்த வேடன் ஒருவனின் அம்பு தவறுதலாக அவர்மேல் பாய்கிறது. தற்செயலாக இறந்தவர், இலக்கணப்படி, மறைசாட்சியே ஆகமாட்டார். போர்த்துக்கீசியர் வந்த பின்னர்ப் பரவிய கதையில்தான் கொலைப்பழி பிராமணர்மேல் சுமத்தப்படுகிறது.

இந்த முரண்பாடு வழிபாட்டைத் தளர்த்தவில்லை என்பதே இவ்வழக்கத்தின் வலிமையைக் காட்டுகிறது. தோமையார் இறந்த இடத்து மண்ணை நீரில் கரைத்துக் காய்ச்சல் கண்டோருக்குக் கொடுத்ததையும், முஸ்லிம்களும் அவரை மதித்ததையும் போலோ குறிப்பிடுகிறார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லறை விளக்கைக் காத்துவந்தவர் ஒரு முஸ்லிம் பக்கிரி என்கிறார் போர்த்துக்கீசியப் பயணி துவார்த்தே பார்போசா. மக்களுக்கு வேண்டியிருந்தது மண்ணும் விளக்கும் நேர்ச்சையும். மரண விசாரணை அன்று. (பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னை ஆலயக் கொடியேற்றத்துக்குத் திரளும் கூட்டத்தைப் பார்ப்பவர், மறைசாட்சி மரணம் என்ற சான்றிதழே இல்லாமலும் நேர்ச்சைத்தலம் செழிக்கும் என்பதை உணரலாம்.)

குறை, நம்பிக்கையை வரலாறாக மெய்ப்பிக்கத் திருச்சபை நிறுவனம் முற்பட்டபோது தொடங்குகிறது. 1523-இல் போர்த்துக்கீசியர் கல்லறையைத் தோண்டி எலும்புகளும் ஈட்டிமுனையும் கண்டதாக அறிவித்தனர். ஆனால் எலும்புகள் முன்பே மேற்கே கொண்டுபோகப்பட்டதாகப் பழைய சிரிய நூலே சொல்கிறது. மேற்கே எதெஸ்ஸா நகரில் போற்றப்பட்ட திருப்பண்டங்கள், அதாவது புனிதரின் உடல் எச்சங்கள், பின்னர் இத்தாலியின் ஓர்த்தோனாவை அடைந்து இன்றும் அங்கே வணங்கப்படுகின்றன. 1547-இல் பரங்கிமலையில் கிடைத்த கற்சிலுவையின் எழுத்துகளைத் தோமையாரின் வரலாறாகவே படித்துக்காட்ட ஒரு பண்டிதரும் கிடைத்தார். ஆனால் 1873-இல் கல்வெட்டு ஆய்வாளர் ஏ.சி. பர்னெல், அது பாரசீகக் கிறித்தவர் பயன்படுத்திய பஹ்லவி எழுத்து என்று காட்டினார். அதில் இருப்பது ஒரு சிறு வேண்டுதலே. சிலுவையின் மதிப்பு இதனால் குறையவில்லை. பாரசீக வணிகத் தொடர்பின் சான்றாக அது பெறும் மதிப்பு, பொய்யான வாசிப்பு தந்ததைவிடப் பெரிது.

எலும்பைப் பற்றிய மிகை யாரையும் புண்படுத்துவதில்லை; பழியைப் பற்றிய மிகை அப்படியன்று. கபாலீசுவரர் கோயில் முன்பு கடற்கரையில் இருந்து போர்த்துக்கீசியரால் அழிக்கப்பட்டது என்ற வலுவான கருத்து நிலவும் மயிலாப்பூரில், ஆதாரமற்ற கொலைக்கதை ஒன்று பக்கத்துத் தெருவினரின் முன்னோரைக் குற்றவாளிகளாக்கிவிட்டு, அதே தெருவில் திருவிழாத் தேரை இழுக்கிறது. இராமநாதபுரம் சீமையின் ஓரியூரில் 1693-இல் தலை வெட்டப்பட்ட ஏசுசபைத் துறவி அருளானந்தரின் வழிபாடு இதற்கு நல்ல மாற்று. அங்கும் மக்கள் செம்மண்ணை எடுத்துச் செல்கின்றனர். ஆனால் அவர் சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள் எஞ்சியிருப்பதாலும், தண்டனைக்குப் பின்னிருந்த சேதுபதி அரசின் பெயர் தெரிந்திருப்பதாலும், பழி அவ்வரசோடு நின்றுவிடுகிறது, எந்தச் சாதியையும் தொடர்ந்து வருவதில்லை. அத்தகைய ஆவணம் தோமையாருக்கு இல்லாதபோது, சாந்தோமிலும் பரங்கிமலையிலும் சொல்லப்படும் வரலாற்றிலிருந்து கொலையாளியின் சாதியை நீக்குவதால் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவோர் இழப்பது ஏதுமில்லை.