“எதிர்ப்புச் சக்தி” படுத்தும் பாடு

இரத்தப் புற்றுநோய் மருந்துகளைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறுகிறது. இம்மருந்துகள் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும் என்பதே அது. வாக்கியம் பொய்யன்று. ஆனால் கட்டுரை பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அடுத்த பக்கத்தில், எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் உணவுகள் என்று கட்டம் கட்டி ஒரு பட்டியலும் வந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வாசகர் என்ன முடிவுக்கு வருவார்?

என் மாணவர் ஒருவர் வந்த முடிவைச் சொல்கிறேன். அவருடைய தம்பிக்கு ஒன்பது வயது. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் வந்து கேட்டார்: “சார், டாக்டர் சக்தியைக் குறைக்கிற மருந்து கொடுக்கிறார். நாங்க கூட்டுறதுக்கு டானிக் வாங்கிக் கொடுக்கிறோம். கடைசியில கணக்கு எப்படி சார் வரும்?” நான் மருத்துவன் அல்லன், இயற்பியல் கற்பிப்பவன். ஆனால் சக்தியை ஒரே எண்ணால் அளந்து கூட்டிக் கழிக்கலாம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்தச் சொல்லைப் பற்றிப் பேச எனக்கும் சிறிது உரிமை உண்டு.

இயற்பியலில் சக்தி என்றால் ஜூலில் அளக்கலாம். உடலின் நோய் எதிர்ப்பு அப்படித் தொட்டியில் நிற்கும் தண்ணீர் அன்று. பல வகை உயிரணுக்கள், பல வகைப் பொருள்கள் சேர்ந்து நடத்தும் வேலை அது. ஒவ்வொரு மருந்தும் அதில் ஒவ்வோர் இடத்தைத் தொடுகிறது.

நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுவை எடுத்துக்கொள்வோம். பாக்டீரியாவை முதலில் விழுங்க வருவது இதுதான். இரத்தத்தில் இதன் ஆயுள் மிகக் குறுகியது. அதனால் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைப் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். பிரியும் உயிரணுக்களைத் தாக்கும் சைட்டராபின் போன்ற மருந்து இந்த உற்பத்தியை நிறுத்தினால், ஓரிரு வாரங்களில் எண்ணிக்கை சரிந்துவிடுகிறது. கன மில்லிமீட்டருக்கு 1,000க்குக் கீழே இறங்க இறங்கத் தொற்று கூடுவதையும், இறக்கம் நீடிக்க நீடிக்க ஆபத்து வளர்வதையும் அமெரிக்காவில் ஜெரால்டு போடியும் உடன் பணியாற்றியவர்களும் 1966இல் காட்டினார்கள். இங்கே எண் பேசுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே குழந்தைக்குக் கொடுக்கும் பிரட்னிசோலோனைப் பாருங்கள். இதைக் கொடுத்ததும் இரத்தத்தில் நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை ஏறுகிறது! இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டியிருந்தவை விடுபட்டு ஓட்டத்தில் கலப்பது இதற்கு ஒரு காரணம். எண் கூடிற்று, ஆனால் தொற்று உள்ள திசுவுக்குள் அவை போய்ச் சேருவது குறைந்தது. நிணவணுக்களோ அழிகின்றன. காய்ச்சல்கூட மறைந்துவிடலாம். நோயையே எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான்: வெள்ளணுக்கள் லட்சத்தைத் தாண்டிய நோயாளிக்கும் போதிய பாதுகாப்பு இருப்பதில்லை. கூட்டல் கணக்கு இங்கே எடுபடுமா?

நம் கட்டுரையாளர்கள் கைவிட்டுவிடும் மிகச் சுவையான பகுதி முயல்களைப் பற்றியது. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய 6-மெர்காப்டோபியூரின் 1953 முதல் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டு வந்தது. 1959இல் ராபர்ட் ஷ்வார்ட்ஸ், வில்லியம் டாமஷெக் இருவரும் முயல்களுக்கு இம்மருந்தோடு ஓர் அயல் புரதத்தையும் செலுத்தினார்கள். முயல்கள் எதிர்ப்பொருள் செய்யவில்லை. மருந்தை நிறுத்தியபின் அதே புரதத்தை மீண்டும் செலுத்தியபோதும் பேசாமல் இருந்தன. வேறு புரதத்தைச் செலுத்தியபோதோ முறைப்படி எதிர்ப்பொருள் செய்தன. குறைந்தது பொதுவான ஒரு சக்தி என்றால், இரண்டுக்கும் சேர்த்தல்லவா குறைந்திருக்க வேண்டும்? இந்தச் சோதனையைப் படித்த இங்கிலாந்தின் ராய் கான், நாய்களில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அதன் நெருங்கிய உறவான அசதையோப்ரினைக் கொண்டு 1962இல் பாஸ்டனில் ஜோசப் மரே, இறந்தவரிடமிருந்து எடுத்த சிறுநீரகத்தை வெற்றிகரமாகப் பொருத்தினார். பக்க விளைவு என்று ஒரே வரியில் நாம் தள்ளிவிடுவதுதான் மாற்றுறுப்புச் சிகிச்சைக்கு வழி திறந்தது.

இனி டானிக்குக்கு வருகிறேன். அந்த மாணவர் கொண்டுவந்து காட்டிய புட்டியின் சீட்டில் ஃபோலிக் அமிலம் என்று அச்சிட்டிருந்தது. அவருடைய தம்பிக்குக் கொடுத்துவந்த மருந்துகளில் ஒன்று மெதோட்ரெக்ஸேட். ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவெடுத்து, அதன் வேலையைத் தடுத்து, உயிரணு டி.என்.ஏ. செய்யவிடாமல் நிறுத்துவதே அம்மருந்தின் தொழில். இதன் முன்னோடி பிறந்த கதையை நம் எழுத்தாளர்கள் அறிவார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்ரகட சுப்பாராவ் பெயர் அதில் வருவதால் பெருமையோடு எழுதவும் செய்கிறார்கள். அமெரிக்காவில் அவருடைய குழுவினர் செய்து கொடுத்த அமினோப்டெரினைக் கொண்டு 1948இல் பாஸ்டனின் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிக முன்னேற்றம் கண்டார். ஆனால் அதற்கு முன் நடந்ததைப் பெருமைக் கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. ஃபார்பர் முதலில் ஃபோலிக் அமில வகைகளையே கொடுத்துப் பார்த்தார், நோய் விரைவுபட்டது. தடுக்கும் பொருளைத் தேடும் எண்ணம் அதிலிருந்துதான் வலுப்பெற்றது. சத்துப் பொருள் என்று கொடுத்தது நோய்க்குத் தீனியானது!

ஃபோலிக் அமிலம் எப்போதும் தீது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மெதோட்ரெக்ஸேட்டை மிகுந்த அளவில் செலுத்தினால், நல்ல உயிரணுக்களைக் காக்க மணிக்கணக்குப் பார்த்து ஃபோலினிக் அமிலம் கொடுக்கிறார்கள். மூட்டுவாதத்துக்குக் குறைந்த அளவில் மெதோட்ரெக்ஸேட் உண்பவருக்கு ஃபோலிக் அமிலமும் எழுதிக் கொடுப்பது வழக்கம். எப்போது, எவ்வளவு என்பது மருத்துவர் கையில் உள்ள கணக்கு. அவருக்குத் தெரியாமல் வீட்டில் ஊற்றும் கரண்டி அந்தக் கணக்கைக் கெடுக்கக்கூடும்.

அப்படியானால் குழந்தையைக் காப்பது எது? 1977இல் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் வால்டர் ஹியூஸ் குழுவினர் விடை ஒன்று தந்தார்கள். நிணவணுக்கள் குன்றியவரைப் பிடிக்கும் நியூமோசிஸ்டிஸ் என்னும் நுரையீரல் தொற்றை அவர்கள் ஆராய்ந்தார்கள். வெற்று மருந்து பெற்ற 80 பேரில் 17 பேருக்கு அது வந்தது. கோ-டிரைமாக்சசோல் பெற்ற 80 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. எந்தக் காவல் போயிற்று, அதன் வழியே எந்தக் கிருமி நுழையும் என்று பார்த்து அந்த வாசலை அடைத்தார்கள். விலை மலிவான மாத்திரை அது. நம் கட்டங்களில் அதற்கு இடமில்லை, மாதுளைக்கு உண்டு.

2017இல் அமெரிக்காவிலும் 2023இல் இந்தியாவிலும் ஒப்புதல் பெற்ற கார்-டி சிகிச்சையை “சக்தி கூட்டும்” முறை என்று எழுதுகிறார்கள். நோயாளியின் டி அணுக்களை எடுத்து, மாற்றி, திரும்பச் செலுத்துவது உண்மை. ஆனால் அவை புற்று அணுக்களோடு நல்ல பி அணுக்களையும் அழிப்பதால், சிலருக்கு எதிர்ப்பொருளை வெளியிலிருந்து செலுத்த நேர்கிறது. கூடியதா, குறைந்ததா?

சக்திக்குப் பதில் ஆற்றல் என்று எழுதலாமே என்பார்கள். எங்கள் வகுப்பில் அதுவும் ஜூல்தான். திறன் என்றாலோ வாட்! பள்ளிப் பாடநூலில் உள்ள நோய்த்தடைக்காப்பு என்ற சொல் சற்றுக் கரடுமுரடானதுதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. காப்பு என்றால் எதிலிருந்து காப்பு, எது காக்கிறது என்று கேட்கத் தோன்றும். டானிக் புட்டியைத் தம்பியின் மருத்துவரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன். அவர் அதை நிறுத்திவிட்டு, வீட்டில் இருந்த மற்றப் புட்டிகளையும் கொண்டுவரச் சொன்னாராம். மூன்று இருந்தன.