சுமை யார் தோளில்?

வைமார் குடியரசைக் கொன்றது எது? இவ்வினாவுக்குப் பாடநூல்களும் மேடைகளும் ஆயத்தமாக வைத்திருக்கும் விடைகள் இரண்டு. பணவீக்கம் கொன்றது என்பது ஒன்று. மக்களாட்சிக்குப் பக்குவப்படாத மக்கள் கொன்றனர் என்பது மற்றொன்று. முன்னது விதியைக் குற்றவாளியாக்குகிறது. பின்னது ஏழையைக் குற்றவாளியாக்குகிறது. மாணவர்க்கு வரலாறு சொல்லிக்கொடுக்கும் என் போன்றோர் இவ்விரு விடைகளையும் அப்படியே ஒப்புவித்துவிட்டுப் போவது எளிது. ஆனால், ஆண்டுக் கணக்கை எடுத்து வைத்து உரசிப் பார்த்தால் இரண்டுமே பித்தளை என்று தெரியும்.

1923 நவம்பரில் ஒரு டாலரின் விலை 4,20,000 கோடி மார்க். உண்மை! வாழ்நாளெல்லாம் சேர்த்த சேமிப்பு ஒரு வேளை உணவுக்கும் போதாமற் போயிற்று, உண்மை! ஆனால் அதே மாதத்தில் புதிய நாணயம் வந்தது, புயல் ஓய்ந்தது, குடியரசு சாயவில்லை. ஐந்தாண்டு கழித்து, 1928 தேர்தலில் இட்லரின் கட்சி பெற்றது 2.6 விழுக்காடு, நாடாளுமன்றத்தில் 12 இடம். பணவீக்கம்தான் கொன்றது எனின், கொலையுண்டவன் ஐந்தாண்டு நடமாடியது எங்ஙனம்?

நோய் முற்றியது பிறகு. 1929இல் உலகச் சந்தை சரிந்தது. வேலையற்றோர் பெருகினர். அவர்களுக்கான காப்பீட்டு நிதிக்குப் பணம் யார் தருவது? முதலாளியா, தொழிலாளியா, அரசா? இந்த ஒரு கேள்வியில் 1930 மார்ச்சில் கூட்டணி அமைச்சரவை உடைந்தது. அடுத்து வந்த புரூனிங், கூலியைக் குறைத்தார். உதவித் தொகையைக் குறைத்தார். நாடாளுமன்றம் அவர் திட்டத்தை மறுத்தது. மறுத்த மன்றத்தையே கலைத்துவிட்டு, அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவைக் காட்டிக் குடியரசுத் தலைவரின் ஆணையால் ஆண்டார். 1930 செப்டம்பர்த் தேர்தலில் 12 இடம் 107 ஆயிற்று! 1932இல் வேலையற்றோர் 60 இலட்சம். அவ்வாண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஐந்தே ஐந்து. மாளிகையிலிருந்து வந்த ஆணைகளோ அவற்றைப்போல் பன்மடங்கு.

அப்போதும் மக்கள் இட்லருக்குப் பெரும்பான்மை தரவில்லை. 1932 சூலையில் 37.4 விழுக்காடு, நவம்பரில் அதுவும் 33.1ஆக இறங்கிற்று. இறங்கிக்கொண்டிருந்தவனை 1933 சனவரி 30இல் கைதூக்கி நாற்காலியில் அமர்த்தியவர்கள் இண்டன்பர்க்கும், அவர் காதருகே இருந்த பாப்பனும். மக்கள் தராததை மாளிகை தந்தது! பக்குவப்படாதவர் யார், மக்களா, மாளிகையா?

ஆகவே நெருக்கடிக்கு வேர் இரண்டு. பற்றாக்குறை வந்தபோது அதன் சுமையை மெலிந்தவன் தோளில் ஏற்றியது ஒன்று. அந்தத் தீர்ப்பை மக்கள் மன்றத்துக்கு மேலே உட்கார்ந்து எழுதியது மற்றொன்று. பஞ்சம் மட்டுமே குடியரசைக் கொல்வதில்லை. பஞ்சத்தை யார் தலையில் கட்டுவது என்ற தீர்ப்பே கொல்கிறது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வருவோம். நம்முடையதும் போருக்குப் பின் பிறந்த புதுக் குடியரசே. சமுதாயத்திலும் பொருளியலிலும் ஏற்றத்தாழ்வை வைத்துக்கொண்டு வாக்கில் மட்டும் சமத்துவம் தந்தால், அந்த முரண்பாடு ஒரு நாள் வெடிக்கும் என்று 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய மன்றத்திலேயே எச்சரித்தார் அம்பேத்கர். சென்னை இராச்சியம் அந்தச் சோதனையைச் சந்திக்க மூன்றாண்டுகூட ஆகவில்லை.

1952 தேர்தலில் காங்கிரசு பெற்றது 375 இடத்தில் 152. எதிர்க்கட்சிகள் பிரகாசம் தலைமையில் ஒன்றுகூடி ஆட்சி கேட்டன. தேர்தலில் நில்லாத ஆச்சாரியாரோ ஆளுநர் நியமனத்தால் மேலவை உறுப்பினரானார், முதலமைச்சரானார். பின்னர் மன்றத்தின் நம்பிக்கையையும் பெற்றார் என்பது மெய். ஆயினும் முதற்படி மக்கள் கட்டிய படியன்று. மாளிகை கட்டிய படி!

அதே ஆண்டில் கைத்தறி சாய்ந்தது. கொரியப் போர்க்காலத்துக் கொழுத்த சந்தை ஓய்ந்தபின் துணி தேங்கிற்று. ஆலைத்துணியோடு போட்டியிட முடியாமல் தறிகள் நின்றன. நெய்தவன் உடுக்கத் துணியின்றித் திரிந்தான். 1953இல் அண்ணாவும் கழகத் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றது அந்நாளில்தான்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே விடப்படவேண்டும் என்று டில்லியிடம் வாதாடியவர் ஆச்சாரியார். அதை மறைப்பது பகுத்தறிவாகாது. ஆனால் அதே கை 1953இல் எழுதிய கல்வித் திட்டம் என்ன? சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளில் நாளைக்கு மூன்று மணி நேரம் படிப்பு. எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழில். பணமில்லை, ஆசிரியரில்லை, இருப்பதைக் கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி தரும் சிக்கனம் இது என்றனர். சிக்கனம்தான்! ஆனால் யாருடைய நேரத்தில் சிக்கனம்? சிற்றூர்ப் பிள்ளையின் நேரத்தில்! நெசவாளியின் வேட்டிக்காக வாதாடியவர், நெசவாளியின் மகனுக்குத் தறிக்குழியைக் காட்டினார். கருணை பொருளின் மீது. கதவடைப்பு மனிதன் மீது. வருணத்தின் வாசம் அங்கேதான் வீசிற்று. ஆதலால்தான் நாடு அதைக் குலக்கல்வி என்றது.

“இட்லரையும் ஆச்சாரியாரையும் ஒரே தட்டில் வைப்பதா?” என்று சிலர் சீறலாம். வைக்கவில்லை. ஒப்பிடுவது ஆளையன்று, நோயின் வேரை. ஆளைப் பொறுத்தவரை, எதிர்ப்பு ஓங்கியதும் பதவியை விட்டு இறங்கியவர் அவர்.

வேர் ஒன்றாயிருந்தும் விளைவு வேறானது ஏன்? இதுவே நாம் கற்கவேண்டிய பாடம். ஜெர்மனியில் சமூக சனநாயகக் கட்சியும் பொதுவுடைமைக் கட்சியும் ஒன்றையொன்று பகையாகக் கருதின; பகைவன் இருவரையும் விழுங்கினான். இங்கோ, 1949இல் பிரிந்த இரு கழகங்களும் கசப்பு ஆறாத நிலையிலேயே குலக்கல்வியை எதிர்த்தன. ஆளுங்கட்சிக்குள்ளேயே குரல் எழுந்தது. 1953 சூலையில் திட்டத்தைக் கைவிடும் தீர்மானத்துக்கு மன்றத்தில் 138க்கு 138 வாக்கு! அவைத்தலைவரின் வாக்கால்தான் திட்டம் அன்று தப்பிற்று. தெருவின் குரல் மன்றத்தின் உள்ளே எதிரொலித்தது. மன்றம் தெருவைக் கேட்டது. 1954 மார்ச்சில் ஆச்சாரியார் விலகினார். ஏப்ரலில் காமராசர் வந்தார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. குடியரசைக் காத்தது ஏட்டில் எழுதிய சட்டம் மட்டுமன்று. அந்த ஏட்டைத் திறந்து வைத்த போராட்டம்.

இது முடிந்துபோன கதை என்று மூடி வைக்காதீர்கள். திருப்பூர் வட்டாரத்தில் வாழ்பவனுக்கு இது அன்றாடக் கேள்வி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, பனியன் நகரம் முழுதும் ஒரே பேச்சு: ஆர்டர் நிற்குமா, ஓடுமா? அதற்கு அடுத்த கேள்வியைத்தான் பலர் கேட்கவில்லை. விலை குறைந்தால் குறைவு யாருக்கு? வாங்குபவனுக்கா, ஏற்றுமதி செய்பவனுக்கா, பீஸ்ரேட் கூலிக்குத் தைப்பவளுக்கா? சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவள் தோளுக்கே சுமை இறங்குமானால், அவள் வீட்டுப் பிள்ளை பள்ளியை விட்டு செக்கிங் மேசைக்குப் போகுமானால், குலக்கல்வி சட்டமின்றியே திரும்பி வருகிறது என்று பொருள்.

தோழர்களே! ‘நாடு நெருக்கடியில் இருக்கிறது, எல்லோரும் தியாகம் செய்யுங்கள்’ என்று எவர் சொன்னாலும், இரண்டு கேள்வி கேளுங்கள். சுமை யார் தோளில்? அந்தத் தீர்ப்பை எழுதியவர் யார்? முதற் கேள்விக்கு ‘ஏழை’ என்றும், இரண்டாவதற்கு ‘மாளிகை’ என்றும் விடை வருமானால், நாணயம் எவ்வளவு உறுதியாயிருந்தாலும் குடியரசு ஆட்டம் கண்டுவிட்டது என்று அறிக. அறிந்தபின் வாளாவிருப்பது அறிவுடையார் செயலன்று.