திருப்ப முடியாத துண்டுகள்

ஒன்றரை ஷிப்டு முடிந்து ராத்திரி எட்டரைக்குக் கிளம்பும் பனியன் கம்பெனி வேன்களில், ஃபோன் திரைகளைக் கவனித்தால் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்தான் ஓடும். ஒன்று ரீல்ஸ். இன்னொன்று 'பிளாக் பிளாஸ்ட்' அல்லது அதன் பங்காளி விளையாட்டு ஏதாவது. ரீல்ஸைத் திட்டி ஏகப்பட்ட கட்டுரைகள் வந்துவிட்டன. கட்டம் நிரப்பும் இந்தப் புதிரை மட்டும் 'டைம்பாஸ்' என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். ஒரு சிறுகதையின் வடிவத்தைப் பேசுவதுபோல இதன் வடிவத்தையும் பேசலாம் என்பது என் கட்சி. திருப்பூரில் இருந்துகொண்டு பேசினால் கொஞ்சம் தெளிவாகவே பேசலாம்.

விதி எளியது. எட்டுக்கு எட்டு கட்டம். கீழே மூன்று துண்டுகள் வரும், மூன்றையும் எங்காவது பொருத்த வேண்டும். குறுக்கிலோ நெடுக்கிலோ ஒரு வரிசை நிரம்பினால் அது மறையும். மிச்சமிருக்கும் துண்டுகளில் எதற்குமே இடமில்லை என்றால் ஆட்டம் காலி. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் செய்த டெட்ரிஸ்தான் இதற்குத் தாத்தா. அப்பா என்று கேட்டால், இஸ்தான்புல்லின் கிராம் கேம்ஸ் 2014இல் வெளியிட்ட '1010!'. அதில் பத்துக்குப் பத்து. டெட்ரிஸிலிருந்து முக்கியமான மாற்றங்கள் இரண்டு. துண்டு மேலிருந்து விழாது, ஆகவே அவசரம் இல்லை. துண்டைத் திருப்பவும் முடியாது. முதல் மாற்றத்தைத்தான் ஆடுகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிசு. 'ட' வடிவத்தில் ஒரு துண்டு வந்தால் அது 'ட'தான்.

பின்னலாடைத் துணியும் அப்படித்தான். நிட்டிங் மெஷினில் குழாயாக இறங்கும் துணியில் கண்ணிகள் நெடுக்காக வரிசை கட்டி நிற்கின்றன. அகலவாக்கில் இழுத்தால் நன்றாக விரியும், நீளவாக்கில் அவ்வளவு விரியாது. டீ-சர்ட்டின் முன்பாகத்தைக் குறுக்கே போட்டு வெட்டினால் இடம் மிச்சமாகலாம், போட்டவர் உடம்பில் அது ஒழுங்காக உட்காராது. கட்டிங் மாஸ்டர் மார்க்கரில் பேட்டர்ன்களை அடுக்கும்போது ஒரு பீஸைத் தலைகீழாக மாற்றலாம், அதுவும் பிரிண்ட் ஒரே திசையில் போகாவிட்டால். தொண்ணூறு டிகிரி திருப்பக் கூடாது. ஒரு கையின் வளைவுக்குப் பக்கத்தில் இன்னொரு கையைத் தலைமாற்றிச் செருக வேண்டும். அக்குள் வெட்டு விட்ட பள்ளத்தில் பாக்கெட் உட்காருமா? எம் சைஸுக்குப் பக்கத்தில் எக்ஸ்எல்லைப் போட்டால் அரை இஞ்ச் மிச்சமாகுமா? ஆடையின் அடக்கவிலையில் பெரிய பங்கு துணிதான். லேயில் நூறு அடுக்கு இருந்தால் அந்த அரை இஞ்சும் நூறு மடங்கு.

இப்போது பெரிய கம்பெனிகளில் கம்ப்யூட்டர் மார்க்கர் போடுகிறது. அதுவும் 'இதுதான் கடைசி விடை' என்று சொல்வதில்லை. இந்த மாதிரிக் கணக்குகளில், ஆகச் சிறந்த அடுக்கை எப்போதும் வேகமாகக் கண்டுபிடித்துத் தரும் முறை இன்றுவரை யாரிடமும் கிடையாது. கொடுத்த நேரத்தில் அகப்பட்டதில் நல்லதை எடுத்துக்கொள்கிறது, மாஸ்டரும் அதைத்தான் செய்தார். டெட்ரிஸும் இதே சாதி. வரப்போகும் துண்டுகளின் வரிசை முன்கூட்டியே முழுசாகத் தெரிந்தாலும் சிறப்பாக ஆடுவது அப்படிப்பட்ட கஷ்டமான கணக்குதான் என்று எரிக் டிமெய்னும் கூட்டாளிகளும் 2002இல் நிறுவினார்கள்.

வேனில் இருப்பவர்கள் அதிகமும் டெய்லர்களும் செக்கிங் பெண்களும், மாஸ்டர்கள் குறைவு. ஆனால் துண்டைத் துண்டோடு சேர்க்கிற இடம்தானே அது? அதை முடித்துவிட்டு வந்து ஏன் மறுபடி துண்டு அடுக்குகிறார்கள்? 'தப்பித்தல்' என்று வாசிப்பது சோம்பேறி விமர்சனம். மேஜையில் நிரம்பிய இடம் ஆடை, நிரம்பாத இடம் வேஸ்ட். வேஸ்ட் மூட்டை கட்டி எடைக்குப் போகும். விளையாட்டில் நேர்மாறு. நிரம்பியது மறைகிறது, காலியிடம்தான் சொத்து. முடித்த வேலை கண்முன்னால் இல்லாமல் போவதே பரிசு. மெஷின் பக்கத்தில் பீஸ் குவிவதையே நாளெல்லாம் பார்த்த கண்ணுக்கு அந்த மறைவு எப்படி இருக்கும்! பொருந்துகிற சுகம் அப்படியே இருக்கிறது, 'எத்தனை பீஸ் ஆச்சு?' என்று கேட்க ஆள் இல்லை. இந்த விளையாட்டில் கவிதை என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான்.

பாராட்டு அத்தோடு சரி. விடுகதை போடுகிறவர் எதிரில் உட்கார்ந்திருப்பார், நாம் முழிப்பதைப் பார்த்துச் சிரிப்பார். வாஞ்சிநாதனின் தமிழ்க் குறுக்கெழுத்துகளில் ஒரு குறிப்பு அவிழும்போது நமக்குச் சிரிப்பு வருவதும் அதனால்தான், ஒளித்துவைத்தவரின் குறும்பு கையில் அகப்படுகிறது. அமெரிக்காவில் ஹோவர்ட் கார்ன்ஸ் 1979இல் அமைத்த எண்புதிரை எடுத்து சுடோகு ஆக்கிய ஜப்பானின் நிகோலி பத்திரிகை, கணினி பெருகிய பிறகும் கையால் புதிர் அமைப்பதைக் கௌரவமாக வைத்திருந்தது. சுடோகுவுக்கு விடை உண்டு, ஒன்றே ஒன்று. அதைப் போட்டதும் பேனாவை மூடிவைக்கலாம். பிளாக் பிளாஸ்டில் புதிர் போட்டவரும் இல்லை, விடையும் இல்லை. வழக்கமான ஆட்டம் தோற்றால்தான் முடியும். மிஞ்சுவது ஒரு எண், நேற்றைய எண்ணைவிடக் கூடவா குறைவா என்பது மட்டும். பீஸ் ரேட்டேதான், கூலி மட்டும் கிடையாது.

நடுவே வரும் விளம்பரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கை வரும், ஊசியை உருவ வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே தப்பான ஊசியை உருவும். பார்க்கிறவருக்குக் கை துறுதுறுக்கும். இறக்கிப் பார்த்தால் உள்ளே வேறு ஆட்டம். 'ஹோம்ஸ்கேப்ஸ்', 'கார்டன்ஸ்கேப்ஸ்' விளம்பரங்கள் இரண்டை இதே காரணத்துக்காக பிரிட்டன் விளம்பரத் தர ஆணையம் 2020இல் தடுத்தது. 'மூளைக்குப் பயிற்சி' என்கிற பேச்சு இன்னொரு ரகம். லூமோசிட்டி நிறுவனம் அப்படி ஆதாரமில்லாமல் சொன்னதற்காக 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கொண்டது. பிசகை விடவும் அந்த வாக்கியத்தின் தோரணைதான் எனக்கு எரிச்சல். பன்னிரண்டு மணி நேரம் ஓவர்லாக்கில் விளிம்பு பிசகாமல் ஓட்டிவிட்டு வருகிறவரிடம் போய், உன் மூளை சும்மா கிடக்கிறது என்கிறது.

எனக்கு வேண்டிய ஆட்டம் வேறு. துண்டுகள் வளைந்திருக்க வேண்டும். திருப்பக் கூடாது, தலைமாற்றலாம். நிரம்பியது மறையக் கூடாது. நேரத்துக்குக் கெடுபிடி வேண்டாம். கடைசியில் வேஸ்ட் எத்தனை கிராம் என்று மட்டும் எடை போட்டுச் சொன்னால் போதும், நட்சத்திரம் கொட்டத் தேவையில்லை. புரோகிராம் எழுத கோயமுத்தூரில் எத்தனையோ பேர் கிடைப்பார்கள். புதிர் போடுவதற்கு மட்டும், கம்ப்யூட்டர் வந்த பிறகு வீட்டுக்குப் போன பழைய கட்டிங் மாஸ்டர் ஒருவரைக் கூட்டிவந்து உட்காரவைக்க வேண்டும்.