பச்சைப் புள்ளியும் கடைமடையும்: வலையமைப்பு நிலப்படப் பலகையின் மொழி

ஆய்வுச் சுருக்கம்

இணைய வலையமைப்புச் சேவைகளைத் திரையில் கண்டு நிருவகிக்க உதவும் ஊடாடும் நிலப்படப் பலகையை ஒரு பனுவலாகக் கொண்டு, அதன் குறிகளையும் அதற்கு வழங்கும் தமிழ்ச் சொற்களையும் இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. பூதலூர் வட்டாரப் பாசன வழக்கு ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தனிக் கருவியின் நிலையைக் காட்டும் இப்படம், கருவிகளுக்கிடையிலான உறவைக் காட்டுவதில் பின்தங்குகிறது என்பதும், அவ்வுறவைச் சுட்டும் சொற்கள் காவிரிப் படுகையில் முன்னரே வழக்கில் உள்ளன என்பதும் கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: நிலப்படம், தகவல் பலகை, கண்ணாடி இழை, பாசன வழக்கு, கலைச்சொல்லாக்கம், பூதலூர்

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் பாரத்நெட் இரண்டாம் கட்டப் பணி, தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்தின் பொறுப்பில் அமைந்தது. தஞ்சாவூர் மாவட்டத்தில் மட்டும் 14 ஊராட்சி ஒன்றியங்களும் 589 ஊராட்சிகளும் உள்ளன. இவ்வளவு பரந்த அமைப்பை ஒருவர் நேரில் சென்று கண்காணிக்க இயலாது. எனவே நிலப்படம் தேவையாகிறது. ஒவ்வொரு கருவியும் ஒரு புள்ளி; ஒவ்வொரு வடமும் ஒரு கோடு. கருவி இயங்கினால் பச்சை, இயங்காவிடில் சிவப்பு. படத்தைப் பெருக்கினால் ஊர் தெரியும். சுருக்கினால் பல புள்ளிகள் ஒன்றுகூடி எண்ணிட்ட ஒரு வட்டமாகும். புள்ளியைத் தொட்டால் கருவியின் விவரம் விரியும். உரிமை பெற்றவர் அங்கிருந்தே கருவியை மறுதொடக்கம் செய்யலாம், ஒரு தடத்தை மூடலாம், திறக்கலாம்.

நிலப்படத்தை நடுநிலையான பதிவாகக் கொள்ளாமல் ஒரு கூற்றாகப் படிக்கும் மரபை, 1989இல் வெளிவந்த ஜே.பி. ஹார்லியின் கட்டுரையும் 1991இல் வெளிவந்த மார்க் மோன்மோனியரின் நூலும் வலுப்படுத்தின. இணையத் தமிழ் ஆய்வுகளோ பெரும்பாலும் எழுத்துரு, குறியேற்றம், சொல்லாக்கம் ஆகியவற்றிலேயே நிலைகொண்டன. திரையில் தோன்றும் படம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்ற வினா தமிழாய்வின் எல்லைக்குப் புறம்பானதன்று. அப்படத்தின் மீது எழுதப்படும் சொற்கள் தமிழ்ச் சொற்களாக இருக்க வேண்டும் என்று கோருவோருக்கு அவ்வினா மேலும் நெருக்கமானது.

பலகை என்னும் சொல்

2021 டிசம்பர் 23 அன்று தலைமைச் செயலகத்தில் தொடங்கப்பட்ட ‘முதலமைச்சரின் தகவல் பலகை’ வழியாக, ‘டாஷ்போர்டு’ என்பதற்கு இணையான தமிழ்த் தொடர் அரசு வழக்கில் பரவலாயிற்று. அணைகளின் நீர் இருப்பு, மழையளவு முதலியவற்றை ஓரிடத்தில் காணும் அவ்வமைப்புக்குத் ‘தகவல் பலகை’ என்பது பொருத்தமான பெயரே. ஆங்கில மூலச்சொல், குதிரை வண்டியில் குளம்படிச் சேறு வண்டியோட்டியின் மீது தெறிக்காமல் தடுத்த முன்பலகையைக் குறித்தது. மோட்டார் வாகனத்தில் அது அளவிகள் பதித்த பலகையாயிற்று. பின்னர்க் கணினித் திரைக்கு வந்தது. ஓட்டுநரின் முன்னால் இருப்பது என்ற பொருள் இம்மூன்றிலும் தொடர்கிறது. தமிழில் ‘தகவல் பலகை’ என்றதும் நினைவுக்கு வருவது ஓட்டுநர் இருக்கையன்று. ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்கும் அறிவிப்புப் பலகையே. அதைப் படிக்கலாம், இயக்க முடியாது.

வலையமைப்பை நிருவகிக்கும் படத்திற்கு அதே தொடரைப் பயன்படுத்தும்போது இழப்பு நேர்கிறது. அங்கே காண்பவரும் இயக்குபவரும் ஒருவரல்லர். ஒரே படம் மேற்பார்வையாளருக்குக் கருவியாகவும் ஏனையோருக்கு அறிவிப்பாகவும் அமைகிறது. இவ்வேறுபாட்டை ‘தகவல்’ என்னும் அடை மறைத்துவிடுகிறது. டெல்டாவில் ‘பலகை’ என்னும் சொல்லுக்கு மற்றொரு பயன்பாடும் உண்டு. மதகில் பலகை இடுவதும் எடுப்பதும் நீரை மறிப்பதும் விடுவதுமாகும். இரும்புக் கதவுகள் வந்த பின்னும் மதகுப் பலகை என்னும் தொடர் மறையவில்லை. ஒரு பலகை படிப்பதற்கு, மற்றொன்று தூக்குவதற்கு. பாசனத்தில் பலகையைத் தூக்கும் உரிமை யாருக்கு என்பதே பூசலின் மையம். அவ்வினாவைத் திரைப் பலகையிடமும் கேட்கலாம்.

பச்சை எதைக் குறிக்கிறது?

கண்காணிப்பு மென்பொருளில் வண்ணம் உருவாகும் முறையை அறியாமல் அதனைப் படிக்க இயலாது. மைய வழங்கி குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சிறு வினாவை அனுப்புகிறது. விடை வந்தால் பச்சை. தொடர்ந்து சில முறை வராவிட்டால் சிவப்பு. ஆகவே பச்சைப் புள்ளி சொல்வது, ‘இக்கருவி மையத்திற்கு விடையளித்தது’ என்பதை மட்டுமே. அக்கருவியிலிருந்து பள்ளிக்கோ கூட்டுறவுச் சங்கத்திற்கோ வீட்டிற்கோ இணைப்பு சென்றதா என்பதை அது சொல்லவில்லை. ஊராட்சிக் கட்டடத்துப் பெட்டியில் விளக்கு எரிவதும் அடுத்த தெருவில் இணையம் கிடைப்பதும் வெவ்வேறு செய்திகள். படம் பொய் சொல்லவில்லை. தான் கேட்ட வினாவுக்குரிய விடையைக் காட்டுகிறது. காண்போர் அதனைத் தாம் கேட்க விரும்பிய வினாவின் விடையாக எடுத்துக்கொள்கின்றனர்.

இவ்விடத்தில் நாகியோஸ் என்னும் கட்டற்ற மென்பொருளின் ஒரு நுட்பம் கவனத்திற்குரியது. அது விடையளிக்காத கருவிகளை இரண்டாகப் பிரிக்கிறது. கருவியே பழுதானால் ‘டவுன்’. அதற்கு முந்தைய கருவி பழுதானதால் அதனை எட்ட இயலாவிடில் ‘அன்ரீச்சபிள்’. இப்பாகுபாட்டைச் செய்ய, எந்தக் கருவி எதற்கு முந்தையது என்னும் தாய்-சேய் உறவை நிருவாகி முன்னரே எழுதித் தர வேண்டும். எழுதித் தராவிடில் மேலே நிகழ்ந்த ஒரு பழுது கீழே பல பழுதுகளாகத் தோன்றும். அடுத்த செய்தி இன்னும் முதன்மையானது: ‘எட்டாமை’ என்பது கண்காணிக்கும் வழங்கி இருக்கும் இடத்திலிருந்து கணிக்கப்படுவது. வழங்கி சென்னையில் இருந்தால் சென்னையிலிருந்து எட்டாமை. பூதலூரில் இருப்பவருக்கோ எட்டாமற்போனது சென்னை. இவ்விரு எட்டாமைகளும் ஒரே அறுபட்ட வடத்தால் நிகழ்ந்தவை. எனினும் படத்தில் முதலாவது மட்டுமே இடம்பெறும்.

தலைமடையும் கடைமடையும் ஓரிடத்தில்

இதனை விளக்கப் பூதலூர் வட்டம் ஏற்ற களம். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் பிரியும் கல்லணை, இவ்வட்டத்துத் தோகூரில் உள்ளது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டு 1934இல் நிறைவுற்ற கல்லணைக் கால்வாயைத் தஞ்சை வட்டார மக்கள் ‘புது ஆறு’ என்பர். டெல்டா முழுமைக்கும் தலைமடை என்று இவ்வட்டத்தைச் சொல்லலாம். ஆனால் அதே வட்டத்தின் தெற்கே, செங்கிப்பட்டிப் பக்கத்து மேட்டு நிலங்கள் காவிரிக்கு அருகிலிருந்தும் காவிரியின் நேரடிப் பாசனம் பெறாதவை. மாயனூரிலிருந்து வரும் புதிய கட்டளை மேட்டுக் கால்வாயும், திருச்சிராப்பள்ளி நகரைக் கடந்து வரும் உய்யக்கொண்டான் கால்வாயின் நீட்டிப்பும் இப்பக்கத்து ஏரிகளுக்கு நீர் தர வேண்டியவை. அவ்வமைப்பில் பூதலூர்ப் பகுதி கடைமடை. கல்லணையில் வெள்ளம் பாய்ந்து கொண்டிருக்கும்போதே இங்குள்ள ஏரி வறண்டு கிடக்கலாம்.

ஒரே வட்டம் ஒரு வலையமைப்பில் தலையாகவும் மற்றொன்றில் கடையாகவும் இருக்கிறது. தலைமடை, கடைமடை என்பன இடத்தின் பெயர்களல்ல, உறவின் பெயர்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எவ்வழியாக, யாருக்குப் பின்னர் நீர் வருகிறது என்பதே அச்சொற்களின் பொருள். நிலப்படத்தில் ஒரு புள்ளிக்கு நெடுக்கையும் அகலமும் உண்டு, இவ்வரிசை இல்லை. கல்லணையிலிருந்து அளக்கும் தொலைவு செங்கிப்பட்டி ஏரியின் வறட்சியை விளக்காது. அவ்வாறே ஒன்றியத் தலைமையிடத்திற்கு மிக அருகிலுள்ள ஊராட்சியும் வடத்தின் போக்கில் கடைசிக் கணுவாக அமையக்கூடும்.

பாசனப் பொறியாளர்கள் இவ்விடர்ப்பாட்டை வேறு வகையில் தீர்த்தனர். கால்வாயின் வளைவுகளையெல்லாம் நீக்கி, ஒரே நேர்கோடாக இழுத்து, மதகுகளையும் பிரிவுகளையும் வரிசையாகக் குறிக்கும் நேர்கோட்டு வரைபடம் அவர்களது அன்றாடக் கருவி. 1933இல் வெளியான ஹாரி பெக்கின் லண்டன் சுரங்க இரயில் வரைபடமும் நில அளவைத் துறந்து நிலையங்களின் வரிசையைக் காத்தது. ஊடாடும் நிலப்படம் இதற்கு நேர்மாறாக அளவைக் காத்து வரிசையைத் துறக்கிறது. செயற்கைக்கோள் படத்தின் மீது புள்ளிகள் மிளிரும் காட்சிக்கு ஒரு கவர்ச்சி உண்டு. அக்கவர்ச்சிக்காகவே நேர்கோட்டு வரைபடம் பின்தள்ளப்படுகிறது என்று கருத இடமுண்டு.

படத்தைச் சுருக்கும்போது மறைபவை எவை என்பதும் எண்ணத்தக்கது. டெல்டாவில் ஆண்டுதோறும் தூர்வாரும் பணியில் ‘சி’, ‘டி’ பிரிவு வாய்க்கால்கள் விடுபட்டன என்ற குறை எழுவதுண்டு. வயலை ஒட்டிய இவ்வாய்க்கால்களே சிறிய அளவுப் படத்தில் முதலில் மறைபவை. மேட்டூர் ஜூன் 12இல் திறக்கப்பட்டதா என்பது ஒரு செய்தி. கடைமடைக்கு நீர் சேர்ந்ததா என்பது மற்றொரு செய்தி. டெல்டாவின் பொதுமொழி இவ்விரண்டையும் தனித்தனியே கேட்கப் பழகியிருக்கிறது. இணைக்கப்பட்ட ஊராட்சிகளின் எண்ணிக்கையைக் கூறும் இணையத் திட்ட மொழி, முதல் வினாவோடு நின்றுவிடுகிறது.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. நீர் ஒருவர் வயலில் பாய்ந்தால் மற்றவருக்குக் குறையும். தரவு அவ்வாறு தீர்வதில்லை, நெரிசலே ஏற்படும். நீர் பள்ளம் நோக்கி ஒருவழியாகச் செல்லும். ஒளி இருவழியும் செல்லும். 2023 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை 1,39,579 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த திருத்திய பாரத்நெட் திட்டம் வளைய அமைப்பை வற்புறுத்துகிறது. வளையத்தில் ஒருபுறம் அறுந்தாலும் மறுபுறமாகச் செல்ல வழியுண்டு. வளையம் முழுமைபெற்ற ஊரில் கடைமடை என்னும் சொல் வலுவிழக்கும். ஆனால் ஊராட்சிப் பெட்டியிலிருந்து வீடுவரை செல்லும் கிளை வளையமன்று.

காவலும் பொறுப்பும்

கண்ணாடி இழைத் திட்டம் குறித்து மாவட்ட நிருவாகங்கள் வெளியிட்ட செய்திக்குறிப்புகள் இப்படத்தின் உடன்பனுவல்களாகப் படிக்கத்தக்கவை. வடத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு மின்கம்பங்கள் வழியாகவும் 15 விழுக்காடு தரைக்கடியிலும் செல்கிறது. ஊராட்சிக் கட்டடத்தில் யூ.பி.எஸ்., ரூட்டர், ரேக் ஆகியன பொருத்தப்படுகின்றன. அவற்றுக்குத் தடையற்ற மின்சாரம் கிடைப்பதை ஊராட்சி பார்த்துக்கொள்ள வேண்டும். வடத்தில் உலோகம் ஏதுமில்லை, திருடினால் பயனில்லை. எச்சரிக்கை தேவையானதே. எனினும் இவ்வுரை மக்களைக் காவலராகவும் கள்வராகவும் விளிக்கும் அளவுக்குப் பயனாளராக விளிக்கவில்லை. பழுதை எங்குத் தெரிவிப்பது, எத்தனை நாளில் சரியாகும் என்பன காவல் பற்றிய செய்திக்கு நிகரான இடம் பெற்றிருக்க வேண்டியவை. ஊராட்சிச் செயலர் பெட்டிக்குப் பொறுப்பாளர்; பெட்டியின் நிலையைக் காட்டும் படத்தில் அவருக்கு எழுதும் உரிமை உண்டா என்பதே கேட்கப்பட வேண்டியது.

குடிமராமத்தை இங்கு நினைப்பது இயல்பு. ஆனால் அதனைப் பொற்கால நினைவாக்குவது தவறு. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அவ்வழக்கத்தைச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது. மண்வெட்டியைப் பிடித்த கைகளும் நீர்ப்பங்கை முடிவுசெய்த கைகளும் டெல்டாவின் சாதி அமைப்பில் ஒன்றல்ல. பொறுப்பு ஒருவருக்கும் அதிகாரம் மற்றவருக்கும் என்ற பிரிவினை பழையது. திரை அதனைப் புதிதாகத் தோற்றுவிக்கவில்லை, தொடர்கிறது. 2018 நவம்பர் 16இல் கரை கடந்த கஜா புயலில் தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. மின்கம்பத்தைச் சார்ந்த இழைவடத்திற்கு அது ஒரு முன்னெச்சரிக்கை. ஒரு கம்பம் விழுந்தால் இரு துறைகளின் படங்களில் இரு சிவப்புப் புள்ளிகள் தோன்றும். தெருவில் விழுந்தது ஒன்றே.

சொல்லாக்கத்தில் இதற்குச் செய்யத்தக்கது சிறிதளவேனும் உண்டு. நீர்வளப் பொறியியல் அறிஞரான வா.செ. குழந்தைசாமி தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் நிறுவனத் தலைவராகவும் விளங்கினார். இவ்விரு துறைகளும் ஒருவரிடத்தே கூடியது தற்செயலாகலாம். சொல்லாக்கத்தில் அவை கூடுவதற்குத் தடையில்லை. மேற்கண்ட ‘டவுன்’, ‘அன்ரீச்சபிள்’ இரண்டையும் ‘இணைப்பு இல்லை’ என்று ஒரே தொடரில் தமிழாக்குவது எளிது. அவ்வாறு செய்தால் மூலத்தில் இருந்த வேறுபாடு தமிழில் அழியும். மேலே நிகழ்ந்த பழுதுக்குக் கீழே உள்ளவர் பொறுப்பாக்கப்படுவார். முன்னதைப் ‘பழுது’ என்றும் பின்னதை ‘வரத்து இல்லை’ என்றும் கூறினால், டெல்டாவில் எவருக்கும் உரை தேவைப்படாது. மதகு உடைந்ததும் ஆற்றில் நீர் வராததும் வேறு என்பதை அறியாதவர் அங்கில்லை. ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த ‘கடைசி மைல் இணைப்பு’ என்பதனைவிடக் ‘கடைமடை இணைப்பு’ பொருள் செறிந்தது. முன்னது தொலைவைச் சொல்கிறது. பின்னது வரிசையையும் உரிமையையும் சொல்கிறது.

சொல் மாறினால் படத்தின் கட்டமைப்பும் சிறிது மாற வேண்டியிருக்கும். ‘வரத்து இல்லை’ என்று எழுத, எங்கிருந்து வரத்து என்பதை நிருவாகி பதிந்தாக வேண்டும். ‘கடைமடை’ என ஒரு பத்தி சேர்த்தால், அதனை நிரப்ப மைய வழங்கியின் வினா போதாது. ஊராட்சிச் செயலரோ பள்ளி ஆசிரியரோ சேவை வந்து சேர்ந்ததைத் தம் கையால் குறிக்க வேண்டும். அவர் குறிக்காத நாளில் அப்புள்ளி பச்சையாகவும் சிவப்பாகவும் இல்லாமல் வெறுமையாக நிற்கும்.