சிவப்புச் சதுரத்தில் யார் முதலில்?

சீன ஓவியங்களின் மூலையில் குத்தியிருக்கும் சிவப்புச் சதுரத்தை வெகுகாலம் நான் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். 'அது சும்மா அழகுக்கு' என்று நண்பர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். தப்பு. அது ஒரு பிரதி. அதை வாசிக்க எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது, வரிசையும் தெரியவேண்டும். அந்த வரிசையோ முத்திரையில் எங்கேயும் எழுதியிருப்பதில்லை.

பொது வழக்கு இது: முதலில் வலப்பத்தி, மேலிருந்து கீழாக, பிறகு இடப்பத்தி. நான்கு எழுத்துள்ள பெயர்முத்திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். குடும்பப்பெயர் ஓரெழுத்து, சொந்தப்பெயர் ஈரெழுத்து, கடைசியில் 'முத்திரை' என்று பொருள்படும் 'யின்'. வழக்கப்படி அடுக்கினால் சொந்தப்பெயர் முறிந்து, பாதி வலப்பத்தியின் அடியிலும் பாதி இடப்பத்தியின் உச்சியிலும் போய் விழும். இதைத் தவிர்க்க இன்னொரு அடுக்கு இருக்கிறது: குடும்பப்பெயருக்குக் கீழே 'யின்', இடப்பத்தி முழுக்கச் சொந்தப்பெயர். கண் வல உச்சியில் தொடங்கி, இட உச்சிக்குத் தாவி, கீழிறங்கி, வல அடியில் வந்து முடிக்கவேண்டும். 'ஹுய்வென்' என்று இதற்குப் பெயர். ஒரு மனுஷனின் பெயரை உடைக்கக் கூடாது என்பதற்காக வாசிப்பின் திசையையே வளைத்துவிடுகிறார்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் கதை இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் 1784இல் ஜப்பானின் ஷிகானோஷிமா தீவில் கிடைத்த தங்க முத்திரையை என்ன செய்வது? பக்கம் சுமார் 2.3 செ.மீ. கி.பி. 57இல் ஹான் பேரரசர் குவாங்வு 'நா' நாட்டுத் தூதருக்குக் கொடுத்த முத்திரை இதுவே என்பது பரவலான கருத்து. ஐந்து எழுத்து, மூன்று பத்தி. வலப்பத்தி முழுவதையும் 'ஹான்' என்ற ஒரே எழுத்து பிடித்துக்கொண்டிருக்கிறது. மற்ற நான்கும் இரண்டிரண்டாக மீதிப் பத்திகளில் நெருக்கியடித்து நிற்கின்றன. 1892இல் மியாகே யோனெகிச்சி முன்வைத்த வாசிப்பு: ஹானுக்குட்பட்ட, 'வா'வில் உள்ள 'நா' நாட்டின் அரசன். நடுப்பத்தியின் இரண்டு எழுத்தையும் சேர்த்து ஒரே நாட்டின் பெயராக வாசிப்பவர்களும் உண்டு. எங்கே பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து நாடே மாறிப்போகிறது. எப்படி வாசித்தாலும் ஹானின் இடம் மட்டும் அசைவதில்லை. போதாக்குறைக்கு, 'நா' என்ற ஒலிக்காகப் போட்ட எழுத்துக்கு 'அடிமை' என்றும் பொருள்.

1956 ஜனவரி 1 முதல் சீனாவின் 'மக்கள் தினசரி' இடமிருந்து வலமாக அச்சாகிறது. இன்றைய அரசு அலுவலக முத்திரைகளும் வட்டமாகிவிட்டன. பெயர் இடமிருந்து வலமாக விளிம்பில் வளைந்து செல்ல, நடுவில் நட்சத்திரமோ தேசியச் சின்னமோ இருக்கிறது. திசை மாறியது வாஸ்தவம். ஆனால் மையத்தில் அரசு உட்கார்ந்திருக்கிறது, அலுவலகத்தின் பெயர் அதைச் சுற்றி வருகிறது.

உள்ளடக்கம்தான் அரசியல், அடுக்குமுறை வெறும் அழகியல் என்று நாம் இன்னும் பேசிக்கிட்டிருக்கிறோம். ஒரு பெயரை முறியாமல் காப்பாற்றுவதும் அடுக்குமுறைதான், ஒரு நாட்டை மூலையில் ஒதுக்குவதும் அதேதான். ஆகவே ஒரு பிரதி என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அதில் யாருக்கு எவ்வளவு இடம் என்று அளந்து பார்க்கவேண்டியிருக்கிறது.