தாய்மாமன் கிரேயோன்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், வெட்டப்பெற்ற சாசனங்களைக் குடவோலைக்காக மட்டுமே புகழ்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் கணக்குக் காட்டாதவனையும், மகாபாதகம் புரிந்தவனையும், கூடத் தகாதாரைக் கூடியவனையும் தேர்தலிலிருந்து விலக்கிய அவ்வூர்ச் சபை, அவர்களோடு நில்லாமல், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன் என்று அவர்தம் சுற்றத்தையும் வரிசையாக எண்ணி விலக்கியதைக் கவனிப்போர் சிலரே. ஒருவன் செய்த பாவம் அவன் குடியைத் தொடரும் என்று கல்லில் எழுதிவைத்த ஊருக்கு, ஈடிப்பஸின் வமிச கதை அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை.

இருந்தும் நம் கல்லூரிகளில் ஸொபோக்ளீஸின் ஆண்டிகனி என்னும் கிரேக்க நாடகத்தைக் கற்பிக்கும்போது, ஆண்டிகனியின் குணம் யாது, கிரேயோனின் குணம் யாது எனத் தனித்தனியே எழுதச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அரிஸ்டாட்டிலோ, பகைவன் பகைவனைக் கொல்வதில் பரிதாபம் பெரிதாக இல்லை, உற்றார் உற்றாரைக் கொல்லும்போதே அது பிறக்கிறது என்றார். ஆகவே முதலில் அறிய வேண்டியது முறை, குணம் பிறகு. கிரேயோன் யொகாஸ்டாவின் உடன்பிறந்தவனாதலின் ஆண்டிகனிக்குத் தாய்மாமன். அவள் தந்தை ஈடிப்பஸும் அதே யொகாஸ்டாவின் மகனாதலின், தகப்பன் வழியில் அவளுக்குக் கிரேயோன் பாட்டன் முறையும் ஆகிறான். கிரேயோனின் மகன் ஹேமன் அவளுக்கு முறைமாப்பிள்ளை. சீர் கொண்டுவந்து முன்னிற்க வேண்டிய மாமனே மருமகளை உயிரோடு கற்குகையில் அடைக்க ஆணையிடுகிறான் என்று சொன்னால், நம் கிராமத்து மாணவனுக்கு வேறு வியாக்கியானம் தேவைப்படாது.

இவ்வுறவுகளை உடம்பால் அறியும் வித்தையான கட்டைக்கூத்து உத்திரமேரூர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. பெ. ராஜகோபால் முதலிய கலைஞர்கள் 1990இல் காஞ்சிபுரத்தில் அமைத்த கட்டைக்கூத்துச் சங்கமும், 2002இல் தொடங்கி ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளுக்கும் கூத்துப் பயிற்றிய குருகுலமும் அதற்குச் சாட்சி. ரிச்சர்டு பிராஸ்கா 1990இலும், ஹன்னே டி புரூன் 1999இலும் வெளியிட்ட நூல்கள் இக்கலையை விரிவாக ஆராய்கின்றன. கூத்தில் வேஷக்காரன் திரைக்குப் பின்னின்று பாடி, வெளிப்பட்டு, கட்டியங்காரனுக்குத் தான் இன்னாரென்று சொல்லியாக வேண்டும். குலமும் உறவும் முதலிலேயே சபையறிய வந்துவிடுகின்றன. கர்ண மோட்சத்தில் பிறப்பறியாதவனென்று கணவனை இகழும் பொன்னுருவிக்கு, போருக்குப் புறப்படும் கர்ணன் தன் பிறப்பின் மறைபொருளைச் சொல்லும்போது, அதுவரை இருவரும் நின்ற தூரமே மாறிவிடுகிறது.

இதே தூரத்தை ஆண்டிகனிக்கும் அளந்து பார்க்கலாம். வசனமே இல்லாமல் மாணவர் நால்வரைக் களத்தில் நிறுத்தி, கிரேயோனை முதலில் அரசனாகவும் பிறகு மாமனாகவும் நிற்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் ஆண்டிகனி, இஸ்மேனி, ஹேமன் மூவரும் தாமாக எவ்வளவு விலகுகிறார்கள், யாரை நெருங்குகிறார்கள் என்று பார்த்தால் போதும். நான் கேட்ட விரிவுரைகள் பலவற்றைவிட இது பயன் தரும். ஆண்டிகனியும் ஹேமனும் சந்திக்கும் காட்சி ஒன்றை மாணவர் அவசியம் கேட்பார்கள். ஸொபோக்ளீஸ் அவ்விருவரையும் மேடையில் ஒருமுறைகூடச் சந்திக்கவிடவில்லை. அக்காட்சியை இட்டுக்கட்டி நடித்துப் பார்க்கத்தான் வேண்டும். நடித்த கையோடு, காதலர் வழக்காகச் சுருங்கிப்போன அந்நாடகத்தில் மாமனுக்கு வேலையே இல்லாமற் போவதை அவர்களே காண்பார்கள்.

கூத்தின் முறை எல்லாவற்றுக்கும் செல்லும் என்று நான் வாதிக்க மாட்டேன். கிரேயோனின் மனைவி யூரிடிஸி, மகன் ஹேமன் மாண்ட செய்தியை முழுதும் கேட்டுவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போய் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். முகவீணையும் மிருதங்கமும் பின்பாட்டும் சூழ்ந்த களரியில் இந்த மௌனத்துக்கு இடம் காண்பது அரிது. ஆனால் தாய்க்குரிய புலம்பலை ஸொபோக்ளீஸ் போக்கிவிடவில்லை, மகனின் பிணத்தைத் தாங்கி வரும் கிரேயோனுக்கு மாற்றிக் கொடுத்தார். ஆகையால் கர்ணனுக்காகப் புலம்பும் குந்தி வேஷம் கட்டித் தழும்பேறிய நடிகர் எவரோ, அவரிடமே கிரேயோனை ஒப்படைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.