முடிவை முதலில் சொன்ன படங்கள்

துப்பறியும் கதை என்றால், கொலை செய்தவன் யார் என்ற கேள்வி கடைசி அத்தியாயம் வரையில் வாசகனைப் பிடித்து இழுத்துச் செல்லவேண்டும் என்பது நெடுங்காலமாக எல்லோரும் ஒப்புக்கொண்டு வந்த சம்பிரதாயம். 1944-ஆம் வருஷம் பில்லி வைல்டர் டைரக்ட் செய்த 'டபிள் இன்டெம்னிட்டி' என்னும் அமெரிக்கப் படம் அந்தச் சம்பிரதாயத்தை முதற் காட்சிகளிலேயே கைவிட்டது. குண்டுக்காயம் பட்ட ஓர் இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு, லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் உறங்கும் வேளையில் தன் காரியாலயத்துக்குள் நுழைந்து, சொல்வதைப் பதிவு செய்துகொள்ளும் யந்திரத்தின் முன் அமர்ந்து, ஒரு மனிதனைக் கொன்றவன் தானே என்பதையும், பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் கொன்றதையும், அவ்விரண்டில் ஒன்றும் தனக்குக் கிட்டாமற் போனதையும் நிதானமான குரலில் சொல்லிவிடுகிறான். யார், எதற்காக, என்ன பலன் என்ற மூன்று கேள்விகளுக்கும் இவ்விதம் விடை கிடைத்துவிட்ட பிறகு, நாம் ஏன் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருக்கிறோம்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் பிலிம் நுவார் என்று இன்று உலகம் அழைக்கும் படங்களின் அந்தரங்கத்தையே தொட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். ஜான் ஹூஸ்டனின் 'தி மால்ட்டீஸ் பால்கன்' வெளிவந்த 1941 முதல் ஆர்ஸன் வெல்ஸின் 'டச் ஆப் ஈவில்' வெளிவந்த 1958 வரையில் ஹாலிவுட்டில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களையே பெரும்பாலும் இப்பெயரால் குறிக்கிறார்கள். அவற்றை எடுத்தவர்களுக்கு அப்பெயர் தெரியாது. யுத்தம் முடிந்தபின் அமெரிக்கப் படங்கள் ஒரே சமயத்தில் பாரிஸுக்கு வந்து சேர்ந்தபோது, அவற்றிடையே இருந்த ஒற்றுமையைக் கண்டு, 1946-இல் அப்பெயரை அவற்றுக்குச் சூட்டியவர் நினோ பிராங்க் என்னும் விமர்சகர். இவ்வகைப் படங்களின் லட்சணம் எது என்று கேட்டால் சிலர் நிழல் என்பார்கள். சிலர் மழைக்கோட்டும் சிகரெட்டுப் புகையும் என்பார்கள். வஞ்சக அழகி என்பவர்களும் உண்டு. எல்லாம் உண்மைதான், ஆனால் அவையெல்லாம் அலங்காரங்கள். தனக்கு நேரப்போகும் அழிவை அறிந்தும், அதை நோக்கித் தன் கால்களாலேயே நடந்துபோகும் மனிதனின் முகத்தை அருகிலிருந்து பார்க்கச் செய்ததே இப்படங்களின் ஜீவன் என்று நான் கருதுகிறேன்.

உதாரணங்கள் ஏராளம். வைல்டரே 1950-இல் எடுத்த 'சன்ஸெட் புலவார்' நீச்சல் குளத்தில் மிதக்கும் பிரேதத்தோடு தொடங்குகிறது. கதையைச் சொல்பவன் அந்தப் பிரேதந்தான். அதே வருஷத்து 'டி.ஓ.ஏ.' படத்தில் ஒருவன் போலீஸ் நிலையத்துக்குள் வந்து ஒரு கொலையைப் பற்றிப் புகார் செய்கிறான். விஷம் கொடுக்கப்பட்டவன் அவனே. ஆயினும் இவ்வரிசையில் என் மனம் முதலிடம் கொடுப்பது, ராபர்ட் சியோட்மாக் 1946-இல் ஹெமிங்வேயின் சிறுகதையை ஆதாரமாகக் கொண்டு எடுத்த 'தி கில்லர்ஸ்' படத்துக்குத்தான். சிற்றூர் ஒன்றின் சாப்பாட்டுக் கடைக்குள் இரண்டு கொலையாளிகள் புகுந்து ஸ்வீடன்காரன் என்று அழைக்கப்படும் ஒருவனைத் தேடுகிறார்கள். அவனை எச்சரிக்க ஓர் இளைஞன் வேலிகளைத் தாண்டி மூச்சிரைக்க ஓடிவருகிறான். இருளில் கட்டிலின்மேல் கிடக்கும் ஸ்வீடன்காரனோ எழுந்திருக்கவே இல்லை. தப்பியோட வழி இருந்தும் ஓட மறுத்து, மாடிப்படிகளில் ஏறிவரும் காலடி ஓசையைக் கேட்டுக்கொண்டே கிடக்கிறான். ஹெமிங்வேயின் கதை அவன் ஓட மறுப்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு மனிதன் ஏன் ஓடாமல் கிடந்தான் என்பதைப் பலருடைய ஞாபகங்களின் வாயிலாகத் துருவித் துருவி ஆராய்வதே படத்தின் எஞ்சிய பகுதி. ஸ்வீடன்காரனாக நடித்த பர்ட் லங்காஸ்டர் சர்க்கஸில் வித்தை செய்து பிழைத்தவர். திரையில் அவர் தோன்றிய முதற் படம் இதுவே. மரக்கிளைகளில் பாயும் வேங்கை போன்ற அந்த உடம்பைக் கட்டிலில் அசையாமல் கிடத்திவைத்த சியோட்மாக்கின் துணிச்சலை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

அழிவை இவ்வளவு நெருக்கத்தில் பார்க்கும் கண் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? 1930-இல் பெர்லினில் 'ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள்' என்ற சிறிய மௌனப் படம் ஒன்று வெளிவந்தது. தொழில்முறை நடிகர்கள் அல்லாத சில இளம் பெண்களும் ஆண்களும் ஏரிக்கரையில் ஒரு விடுமுறை நாளைக் கழிப்பதைத் தவிர அதில் வேறு கதை கிடையாது. சூரிய வெளிச்சமும் சிரிப்புமே அதில் நிறைந்திருக்கின்றன. அப்படத்துக்காகப் பாடுபட்டவர்களில் சியோட்மாக், பில்லி வைல்டர், எட்கார் உல்மர் ஆகிய மூவரும் இருந்தார்கள். ஹிட்லர் 1933-இல் அதிகாரத்தைக் கைப்பற்றிய பிறகு யூத குலத்தில் பிறந்த கலைஞர்களுக்கு ஜெர்மனியில் இடமில்லாமல் போயிற்று. அந்த மூவரும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு பாதைகளில் ஹாலிவுட்டை அடைந்தார்கள். பிரிட்ஸ் லாங்கும், வியன்னாவில் நாடகத் தொழில் பயின்ற ஆட்டோ பிரெமிங்கரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஏரிக்கரை வெயிலைப் படம் பிடித்த அதே மனிதர்கள் பதினைந்து வருஷங்களுக்குப் பின் 'டபிள் இன்டெம்னிட்டி'யையும் 'தி கில்லர்ஸ்' படத்தையும் 'டீடூர்' படத்தையும் எடுத்தார்கள் என்பதை அறிந்தவர்கள், இந்த நிழல்களை வெறும் பாணி என்று ஒதுக்கமாட்டார்கள்.

முடிவு முன்னரே தெரிந்திருந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. இதை விமர்சகர்கள் போதிய அளவு சிந்திக்கவில்லை என்பது என் குறை. ஹாலிவுட்டில் 1934 முதல் கண்டிப்பாக அமல் செய்யப்பட்ட ஒழுக்க விதிகளின்படி, குற்றம் செய்தவன் எவனும் தண்டனைக்குத் தப்பிப் போவதாகக் காட்டலாகாது. ஆகவே கொட்டகைக்குள் நுழைந்து உட்காரும் ஒவ்வொருவருக்கும், கொலையாளி பிடிபடுவான் அல்லது சாவான் என்பது விளக்கு அணைவதற்கு முன்பே தெரியும். சாமானிய டைரக்டர்கள் இந்த விதியை ஒரு தொல்லையாகக் கருதி, கடைசி ரீலில் ஒரு போலீஸ்காரனைக் கொண்டுவந்து நிறுத்திக் கணக்கைத் தீர்த்தார்கள். மேதைகளோ அந்த விதியையே ஊழாக மாற்றினார்கள். தப்ப முடியாது என்பது தணிக்கைக் காரியாலயத்தின் உத்தரவாக இருந்த நிலை மாறி, கதாநாயகனின் ரத்தத்திலேயே ஊறிய உண்மையாயிற்று. லாங்கின் 'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்' (1945) இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதில் எட்வர்ட் ஜி. ராபின்ஸன் நடித்த சாதுவான காசாளர் தன்னை ஏமாற்றிய பெண்ணைக் கொல்ல, அக்குற்றத்துக்காக வேறொருவன் மின்சார நாற்காலியில் உயிர் விடுகிறான். சட்டம் கொலையாளியைத் தொடவே இல்லை. இறந்தவர்களின் குரல்களே இரவும் பகலும் அவனைத் தொடர்ந்து துரத்துகின்றன. நியூயார்க் மாகாணத்துத் தணிக்கையாளர்கள் அப்படத்துக்குத் தடை விதித்தார்கள் என்பதில் ஆச்சரியமில்லை.

கொலையை விவரமாகக் காட்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் நடிப்புக் கலைக்கு ஓர் உபகாரம் செய்தது. 'டபிள் இன்டெம்னிட்டி'யில் காருக்குள் கணவன் கழுத்து நெரிக்கப்பட்டுச் சாகும்போது காமிரா அவன் பக்கம் திரும்பவே இல்லை; பக்கத்தில் உட்கார்ந்து வண்டியோட்டும் மனைவியின் முகத்திலேயே அது நிலைத்து நிற்கிறது. பார்பரா ஸ்டான்விக் அந்தச் சில விநாடிகளில் புருவத்தை நெறிக்கவில்லை, உதட்டைக் கடிக்கவில்லை, பாதையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. ஆனால் அந்தக் கண்களில் மெல்ல மெல்ல ஏறும் திருப்தியைப் பார்த்தவர்கள் அதை ஆயுள் உள்ளளவும் மறக்கமாட்டார்கள். அதுவரை உல்லாசமான இன்பியல் படங்களிலேயே நடித்துப் பெயர் பெற்ற பிரெட் மக்மரேயைக் கொலைகாரனாக அமர்த்தியதும், அவனை மகனைப்போல் நேசித்த மூத்த சக ஊழியராக ராபின்ஸனை அமர்த்தியதும் வைல்டரின் தீர்க்கதரிசனம். மக்மரேக்கு விஷவாயுவால் மரண தண்டனை நிறைவேற்றப்படும் காட்சியைப் பெரும் பொருட்செலவில் எடுத்து முடித்த பின்பும், அந்த இரு ஆண்களின் பிரிவைவிட உயர்ந்த முடிவு வேறில்லை என்று கண்டு அதை நீக்கிவிட்டார். ஏழு ஆஸ்கார் பரிசுகளுக்குப் பிரேரேபிக்கப்பட்ட அந்தப் படம் ஒன்றைக்கூடப் பெறவில்லை.

ராபர்ட் மிட்சமைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜாக் டூர்னர் 1947-இல் எடுத்த 'அவுட் ஆப் தி பாஸ்ட்' படத்தில், மலையடிவாரத்துச் சிற்றூரில் பெட்ரோல் கடை வைத்துப் பிழைக்கும் ஜெப் என்பவனைப் பழைய வாழ்க்கை தேடிக்கொண்டு வருகிறது. பாதி மூடிய இமைகளும் அவசரம் அறியாத நடையும் கொண்ட மிட்சம், எவ்விதச் சம்பாஷணையும் உதவ வராத இடத்திலும், இவன் எல்லாவற்றையும் முன்பே கணக்குப் போட்டு முடித்துவிட்டான் என்ற எண்ணத்தை நமக்கு உண்டாக்குகிறார். ஜேன் கிரீர் நடித்த கேத்தி தன்னிடம் பொய் சொல்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தே மெக்ஸிகோ நாட்டுக் கடற்கரையில் மீன் வலைகளின் நிழலில் அவளை ஏற்றுக்கொள்கிறான். அப்படத்தின் ஒளிப்பதிவாளர் நிக்கலஸ் மூசுராக்கா, ஒரு மேஜை விளக்கின் வெளிச்சத்தை மட்டும் நம்பி முழு அறையையும் இருளில் விட்டுவிடத் தயங்காதவர். இவருக்கு இணையாகச் சொல்லத்தக்கவர் ஹங்கேரியில் பிறந்த ஜான் ஆல்ட்டன். 'டி-மென்', 'தி பிக் காம்போ' ஆகிய படங்களில் கதாபாத்திரங்களை வெறும் கரிய உருவங்களாக நிறுத்திய அந்த மனிதருக்கு, வர்ணப் படமாகிய 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' படத்துக்காகவே ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

ஹம்ப்ரி போகார்ட்டின் துப்பறியும் வேஷங்களைப் புகழ்வார் பலர். அவருடைய மிகச் சிறந்த நடிப்பு, நிக்கலஸ் ரே டைரக்ட் செய்த 'இன் எ லோன்லி பிளேஸ்' (1950) படத்தில் இருப்பதாகவே நான் உறுதியாக எண்ணுகிறேன். சீறும் கோபமுள்ள ஒரு சினிமா எழுத்தாளன்மீது கொலைப் பழி விழுகிறது. அவனைக் காதலிக்கும் பெண்ணின் உள்ளத்தில் சந்தேகம் வளர்கிறது. அவன் நிரபராதி என்ற செய்தி வருகிறது; ஆனால் அவன் கைகள் அவள் கழுத்தைப் பற்றிவிட்ட பிறகு அது வருகிறது. அந்தப் பெண்ணாக நடித்த குளோரியா கிரஹாம் மூன்று வருஷங்களுக்குப் பின் லாங்கின் 'தி பிக் ஹீட்' படத்தில், கொதிக்கும் காப்பியால் முகத்தின் ஒரு பாதி வெந்துபோன பெண்ணாக வந்து, மற்றொரு பாதி முகத்தாலேயே சபையைக் கலங்கவைத்தார்.

நட்சத்திரங்களோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகாது. எலிஷா குக் என்ற குள்ளமான நடிகர் 'தி பிக் ஸ்லீப்' (1946) படத்தில் தன்னை மதிக்காத ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதற்காகப் பொய்யான விலாசத்தைச் சொல்லிவிட்டு, விஷம் கலந்த மதுவைக் குடித்துச் சாகிறார். 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' (1953) படத்தில் கழுத்துப் பட்டி விற்றும் உளவு சொல்லியும் பிழைக்கும் கிழவியாகத் தெல்மா ரிட்டர் வருகிறார். கௌரவமான இடுகாட்டில் தனக்கு ஓரிடம் வாங்குவதற்காகவே அவள் காசு சேர்க்கிறாள். கொலையாளி துப்பாக்கியோடு அறைக்குள் வந்து நிற்கும்போது, தான் களைத்துப் போய்விட்டதாக அவள் சொல்லும் தொனியில் பயம் துளியும் இல்லை. இப்படங்களின் தத்துவம் முழுவதையும் கதாநாயகர்களைவிட இத்தகைய சிறு பாத்திரங்களே பூரணமாக வெளிப்படுத்தின.

அழிவு திரைக்கு வெளியேயும் வந்தது. கம்யூனிஸ்டு வேட்டை ஹாலிவுட்டைச் சூறையாடிய காலத்தில், 'போர்ஸ் ஆப் ஈவில்' படத்தின் நாயகர் ஜான் கார்பீல்ட் நண்பர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்து, வேலையிழந்து, 1952-இல் தமது 39-ஆம் வயதில் மாரடைப்பால் மாண்டார். 'நைட் அண்ட் தி சிட்டி' எடுத்த ஜூல்ஸ் டாஸின் நாட்டை விட்டே போய், பிரான்ஸில் 'ரிபிபி' (1955) எடுத்தார். வசனமும் சங்கீதமும் இன்றி நீளும் அதன் திருட்டுக் காட்சி உலகப் பிரசித்தம்.

தமிழிலும் இந்த ஒளியும் நிழலும் ஒருமுறை அற்புதமாகப் பதிந்தன. எஸ். பாலச்சந்தர் டைரக்ஷனில் ஏ.வி.எம். 1954-இல் வெளியிட்ட 'அந்த நாள்' படத்தில், நாயகர் சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுகிறார். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. கொலையாளி யார் என்ற கேள்வியை அப்படம் விட்டுவிடவில்லை. ஆயினும் இறந்தவனைப் பற்றிய பலருடைய ஞாபகங்களால் அவனை உருவாக்கிக் காட்டும் முறையில் அது 'தி கில்லர்ஸ்' படத்துக்கு நெருங்கிய உறவு.

இவ்வகைப் படங்களை இதுவரை காணாத அன்பர்கள் 'டபிள் இன்டெம்னிட்டி'யில் தொடங்கட்டும்; அடுத்து 'தி கில்லர்ஸ்', அதன்பின் 'அவுட் ஆப் தி பாஸ்ட்'. அறையின் விளக்கை அணைத்துவிட்டு, நடுவில் எழுந்திராமல் ஒரே மூச்சில் பார்க்கவேண்டும்; கதையை யாராவது முன்கூட்டிச் சொல்லிவிட்டார்களே என்று வருந்தவேண்டிய அவசியமே இல்லை.